ஒரு கதைக்கு இரண்டு நூதனசாலை

க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு

வெளியூர்ச் சொந்தக்காரர் கண்டிக்கு வந்தால் நாங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் இடங்கள் மூன்றுதான்: வாவிக்கரை, பேராதனைப் பூங்கா, கடைத்தெரு. நாலாவது இடம் கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். வருடாந்தச் சுற்றுலா என்றாலும் அப்படித்தான். விடியற்காலையில் பஸ் ஏறி, பாட்டுப் பாடி, தொண்டை கட்டிக் கொழும்புக்குப் போய், அங்கே தேசிய நூதனசாலையை முக்கால் மணித்தியாலத்தில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கடற்கரையில் கழித்து வருகிறோம். வந்த பிறகு "என்ன பார்த்தீர்கள்?" என்று வீட்டில் கேட்டால், சொல்ல இருப்பது பஸ்ஸில் நடந்த கதைதான்.

பெரிய நூதனசாலையில் பிழை இல்லை. ஆயிரக்கணக்கான பொருட்களை ஒரே நாளில் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது என்பதுதான் சிக்கல். கண்டியைச் சுற்றி வேறு வகை நூதனசாலைகள் இருக்கின்றன. ஒன்று தேயிலையை மட்டும் சொல்கிறது. ஒன்று புகையிரதத்தை மட்டும் சொல்கிறது. இன்னொன்றில் இருப்பது ஒரே ஒரு யானையின் கதை. இவை சின்ன இடங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஆறுதலாகப் பார்த்து முடிக்கலாம். ஒரு விடயத்தை மட்டும் பார்ப்பதால் அதைப் பற்றிக் கேள்வியும் கேட்கலாம். நாங்கள் இவற்றுக்குப் போக வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் முதல் பாதி. அங்கே சொல்லப்படாமல் இருக்கும் மற்றப் பாதியை நாங்களே தேடி எழுத வேண்டும் என்பது இரண்டாவது பாதி.

முதலில் வாவிக்கரையில் இருந்தே தொடங்கலாம். நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் இந்த வாவி இயற்கையானது அல்ல. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல் நிலத்தை மறித்துக் கட்டுவித்தது. அதன் பக்கத்திலேயே, அரசனின் துணைவியர் தங்கிய "பல்லே வாசல" என்ற பழைய கட்டடத்தில் கண்டித் தேசிய நூதனசாலை இருக்கிறது. 1942ஆம் ஆண்டு முதல் அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கண்டி இராச்சிய காலத்து நகைகள், ஆயுதங்கள், பாத்திரங்கள், ஏட்டுச்சுவடிகள் எல்லாம் அங்கே உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையின் பிரதியும் அங்கே காட்சிக்கு உண்டு. வரலாற்றுப் பாடத்தில் அந்தத் திகதியை நாங்கள் எத்தனை தரம் பாடமாக்கியிருப்போம்! அது ஒரு தாளில் எழுதப்பட்டு, மனிதர்கள் கைகளால் கையொப்பமிட்ட விடயம் என்பது அந்தப் பிரதிக்கு முன் நின்றால்தான் உறைக்கும். அந்த மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தான் கட்டிய வாவியை அவன் பிறகு காணவே இல்லை.

இனி ஒரு கேள்வி. மலைகளுக்கு நடுவே இருந்த இந்த இராச்சியத்துக்கு உப்பு எங்கிருந்து வந்தது?

இது சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. கண்டிக்குக் கடலே இல்லை. உப்பும் கருவாடும் துணியும் கீழிருந்து மலைக்கு ஏற வேண்டும். பாக்கு மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். வண்டி போகும் பாதையும் இல்லாத காலம். மாடுகளின் முதுகில் பொதி ஏற்றி, காட்டுப் பாதையில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்குத்தான் "தவலம்" என்று பெயர். அந்தத் தவலங்களை ஓட்டியவர்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள். அரசனின் போக்குவரத்துப் பிரிவான "மடிகே பத்த"விலும் முஸ்லிம்கள் பணி செய்தார்கள். அதாவது, நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாத்திரத்தில் சமைத்த ஒவ்வொரு கறிக்கும் தேவைப்பட்ட உப்பில், எங்கள் முன்னோரின் கால் நடையும் கலந்திருக்கிறது. பாத்திரம் காட்சிக்கு வந்திருக்கிறது. உப்புப் பொதி காட்சிக்கு வரவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பாத்திரம் மிஞ்சும், உப்பு கரைந்துவிடும். ஆனால் பார்க்கப் போகிறவர் கேள்வியோடு போனால் கரைந்துபோனதையும் தேடிப் பிடிக்கலாம்.

அடுத்தது யானை. ராஜா என்ற கொம்பன் யானையைத் தெரியாத கண்டிப் பிள்ளை இருக்காது. பல வருடங்கள் பெரஹராவில் பேழையைச் சுமந்தது. 1986இல் அதைத் தேசியச் செல்வமாக அரசு பிரகடனம் செய்தது. 1988இல் அது இறந்த பிறகு உடலைப் பதனிட்டு மாளிகை வளாகத்தில் அதற்கென்றே ஒரு சிறு நூதனசாலை அமைத்தார்கள். வெளிநாட்டவர்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

அந்த ராஜா எங்கே பிறந்தது? மட்டக்களப்பு மாவட்டத்தில், ஏறாவூர்ப் பக்கத்துக் காட்டில். அதைப் பிடித்தவர் யார்? ஏறாவூர்ப் பணிக்கர் ஒருவர், முஸ்லிம். யானை பிடிக்கும் பணிக்கர்கள் என்று கிழக்கில் ஒரு முஸ்லிம் பரம்பரையே இருந்தது. தோலினால் முறுக்கிய கயிற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கால்நடையாகக் காட்டுக்குள் போய், யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். 1859இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்ட், இவர்களுடைய துணிச்சலைப் பார்த்து வியந்து விரிவாக எழுதியிருக்கிறார். ஏறாவூர் முஸ்லிம் பிடித்த யானை, கண்டிச் சிங்களப் பிரபு ஒருவர் கைக்கு வந்து, பௌத்தர்களின் மிகப் புனிதமான பேழையைச் சுமந்து, கடைசியில் முழு நாட்டின் செல்வமானது. இந்த நாட்டின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எங்கள் வகுப்பில் நான் கேட்டுப் பார்த்தேன். ராஜாவை எல்லோருக்கும் தெரியும், பணிக்கரை ஒருத்திக்கும் தெரியவில்லை.

ஒரு நூதனசாலை கதையின் ஒரு பக்கத்தைத்தான் சொல்லும், மற்றப் பக்கத்துக்கு இன்னொரு நூதனசாலை வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு உண்மையான உதாரணம் எங்களுக்கு மிகக் கிட்டவே இருக்கிறது. தேயிலைக்கு இரண்டு நூதனசாலைகள் இருக்கின்றன.

முதலாவது ஹந்தானையில். நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் ஏறினால் போதும். 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அதைத் திருத்தி 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். நாலு மாடிகள். கொழுந்தை வாட்டுவது, உருளையில் அரைப்பது, புளிக்க வைப்பது, சூட்டில் உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று ஒவ்வொரு படிக்கும் ஆன பழைய இயந்திரங்களை அங்கே பார்க்கலாம். நாங்கள் காலையில் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும் பிளேன்டீக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறதா என்று தோன்றும். ஜேம்ஸ் டெய்லருக்கு அங்கே தனி இடம் உண்டு. ஸ்கொட்லாந்தில் இருந்து கப்பலேறும்போது அவருக்கு வயது 16. எங்களைவிட ஒரு வயது குறைவு! 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வர்த்தக ரீதியாகத் தேயிலை நட்டார். இரண்டு வருடங்களில் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்து, மெதுவாகக் கோப்பித் தோட்டங்களே அழிந்தன. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. டெய்லரின் கபுறு கண்டி மஹியாவையில்தான் இருக்கிறது.

ஆனால் 19 ஏக்கரை ஒரு மனிதர் தனியாக நடவில்லை. அந்த இயந்திரங்களுக்குள் போன கொழுந்து தானாகக் கூடையில் விழவும் இல்லை.

இரண்டாவது நூதனசாலை கம்பளைப் பக்கம், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை என்று பெயர். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அதை அமைத்தது. அதற்கென்று மாளிகை கட்டவில்லை. தொழிலாளர் வாழ்ந்த பழைய லயன் அறைகளையே நூதனசாலை ஆக்கினார்கள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், வழியிலேயே பசியிலும் கொலராவிலும் விழுந்து இறந்தவர்கள், மிஞ்சி வந்து மலையைத் தோட்டமாக்கியவர்கள், அவர்களுடைய பாத்திரம், கம்பளி, கருவி, பறை, கடதாசி இவைதான் அங்கே சரித்திரம். "துண்டு" என்ற கடதாசியைப் பற்றி நாங்கள் பாடத்தில் படிப்பதே இல்லை. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் அவர் இடம் மாறலாம். ஒரு மனிதனைக் கட்டி வைக்கக் கயிறே தேவைப்படவில்லை, ஒரு துண்டுக் கடதாசி போதுமாக இருந்தது. 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது.

ஹந்தானைக்கு மட்டும் போனால் தேயிலை என்பது இயந்திரமும் துணிச்சலான இளைஞனும் என்று நினைத்துக்கொண்டு வருவோம். கம்பளைக்கு மட்டும் போனால் அந்தக் கொழுந்து எங்கே போய் என்ன ஆனது என்று தெரியாது. இரண்டுக்கும் போனால்தான் தேயிலையின் கதை முழுதாகும். இந்த இரண்டாவது நூதனசாலை எனக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. தங்கள் கதை எங்கேயும் இல்லை என்று அந்த மக்கள் புலம்பிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக லயன் காம்பராவில் கிடந்த சட்டியையும் கம்பளியையும் எடுத்து வைத்து, "இதுதான் நாங்கள்" என்று சொல்ல ஓர் இடம் உண்டாக்கப்பட்டது.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். கண்டி முஸ்லிம்களின் கதைக்கு இரண்டாவது நூதனசாலை எங்கே?

கிழக்கில் காத்தான்குடியில், முஸ்லிம்களின் வாழ்வைச் சொல்லும் ஒரு பூர்வீக நூதனசாலை இருக்கிறது. மத்திய மலைநாட்டு முஸ்லிம்களுக்கு அப்படி ஓர் இடத்தை நான் காணவில்லை. சொல்ல விடயம் இல்லாததால் அல்ல. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கண்டியில் கைதியாக இருந்து தப்பிப் போன ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி நகரத்துப் பள்ளிவாசலுக்கு நிலக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுக்கும் வழக்கம் இருந்ததாக எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள்: பௌத்த அரசன் ஆளும் நாட்டில், பள்ளிவாசலுக்கு ஊர் முழுதும் பணம் கொடுக்கிறது! அரண்மனை வைத்தியர்களாகவும் முஸ்லிம்கள் இருந்து, அரசர்களிடம் காணி பெற்றிருக்கிறார்கள். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இவற்றை எல்லாம் ஆதாரத்தோடு தொகுத்திருக்கிறார். அவர் சிங்களவர் என்பதையும் நாங்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எல்லாம் பெருமை தரும் பக்கங்களும் அல்ல. ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த பிறகு, வெல்லஸ்ஸப் பகுதியில் ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமுக்கு மடிகே முஹாந்திரம் பதவியைக் கொடுத்தார்கள். அது அங்கிருந்த சிங்களத் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்தது. 1817-18 ஊவா கிளர்ச்சிக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கிளர்ச்சியில் அவர் கொல்லப்பட்டார். ஆள வந்தவன் ஒரு சமூகத்தைத் தூக்கி இன்னொரு சமூகத்தின் முன் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இது பாடம். இதையும் வைக்க வேண்டும். நல்லதை மட்டும் எடுத்து வைத்தால் அது கலியாண அல்பம், நூதனசாலை அல்ல.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். ஆனாலும் ஊரடங்கும், ஜன்னலை மூடிக்கொண்டு இருந்த இரவுகளும் எங்களுக்கு ஞாபகம் இருக்கின்றன. ஒரு நூதனசாலை இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லுமளவு நான் விபரம் தெரியாதவள் அல்ல. ஆனால் "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, அதை நம்புவதற்கு ஆட்கள் கிடைப்பது, உப்புப் பொதியின் கதையை யாரும் எங்கேயும் பார்க்காததால்தான். சிங்களப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை. கவலை என்னவென்றால், முஸ்லிம் பிள்ளையும் பார்க்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் எங்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் சொல்ல ஒரு திகதியும் வருவதில்லை.

பெற்றோர் இந்த இடத்தில் சொல்லும் மறுப்புகளை நான் அறிவேன். அவை எங்கள் வீட்டிலும் சொல்லப்படுபவைதான்.

முதலாவது, "சோதனைக்குப் படிக்கிற வருஷத்தில் இது என்ன வேலை?" என்பது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூஷன், மிச்ச நாளும் டியூஷன். உண்மைதான். ஆனால் வருடத்தில் நாலு அரைநாள் கேட்கிறேன், அவ்வளவுதான். வரலாறு படிப்பவளுக்கு 1815 உடன்படிக்கை பாடம். விஞ்ஞானம் படிப்பவளுக்குக் கொழுந்து ஏன் கறுக்கிறது என்பது இரசாயனம். வர்த்தகம் படிப்பவளுக்குத் தேயிலை ஏலம் பாடம். கடுகண்ணாவையில் உள்ள தேசிய புகையிரத நூதனசாலை, இலங்கைப் புகையிரதத்தின் 150ஆவது ஆண்டு நிறைவான 2014 டிசம்பர் 27ஆம் திகதி திறக்கப்பட்டது. பழைய நீராவி என்ஜின்களைக் கிட்டவே நின்று பார்க்கலாம். பௌதிகவியல் படிப்பவளுக்கு நீராவி அமுக்கத்தை விளக்க அதைவிட நல்ல கரும்பலகை ஏது? கண்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததும் டெய்லர் தேயிலை நட்ட அதே 1867இல்தான். பாதை வந்ததால்தான் மலையில் விளைந்தது துறைமுகத்துக்கு இறங்க முடிந்தது. இப்படி இரண்டு நூதனசாலைகளைச் சேர்த்து யோசிக்கும்போது வரும் விளக்கம், குறிப்புக் கொப்பியில் கிடைக்காது.

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு. இதையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. நான் சொல்லும் இடங்கள் எல்லாம் காலையில் போய் லுஹருக்கு வீட்டுக்கு வந்துவிடக்கூடியவை. டீச்சர் ஒருவரோடு பத்துப் பிள்ளைகள் போகலாம். அதைவிட நல்லது, உம்மாவும் சேர்ந்து வருவது. எங்கள் உம்மாமாரில் எத்தனை பேர் ஹந்தானைக்கு ஏறியிருக்கிறார்கள்? கண்டியிலேயே பிறந்து, கண்டியிலேயே கலியாணம் முடித்து, கண்டியைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்!

மூன்றாவது, மார்க்க ரீதியான தயக்கம். மாளிகை வளாகத்துப் பக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இதில் ஒவ்வொரு வீடும் தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கும். அதை நான் மதிக்கிறேன். எனக்கு விளங்கிய அளவில், இன்னொருவர் வணக்கத்தில் கலந்துகொள்வது வேறு, அயலவரின் வரலாற்றை மரியாதையோடு பார்த்து அறிந்துகொள்வது வேறு. பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் எங்களைத் தூண்டுகிறது. அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு ஹந்தானை இருக்கிறது, கம்பளை இருக்கிறது, கடுகண்ணாவை இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வியே எழாது.

இனி, நான் கேட்பது என்ன?

ஒரு கட்டடம் கேட்கவில்லை. கட்டடம் கேட்டால் அது அமைச்சுக்குக் கடிதமாகப் போய் அங்கேயே தூங்கிவிடும். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரித் தட்டும் ஒரு தடித்த கொப்பியும் கேட்கிறேன். ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். பொருளைக் கொண்டுவரத் தேவையில்லை, படம் போதும். யார் செய்தது, யார் பாவித்தது, எங்கிருந்து வந்தது, இப்போது ஏன் பாவிப்பதில்லை, இந்த நாலு கேள்விக்கும் பதில் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். நான் போன ஓர் இடத்தில் தமிழ் விளக்கம் ஒற்றை வரியில் முடிந்திருந்தது. அதே தவறை மற்ற மொழிக்காரருக்கு நாங்கள் செய்யக் கூடாது. பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளை வந்தாலும் வாசிக்க வேண்டும்.

வீட்டில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் வாப்பும்மாவின் பெட்டகத்துக்குள் ஓர் அறபுத்தமிழ்க் கிதாபு இருக்கிறது. எழுத்து அறபு, மொழி தமிழ். வாப்பும்மா அதைத் தடுமாறாமல் வாசிப்பார். அவருக்குப் பின் எங்கள் வீட்டில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. "நீ கேட்டா நான் சொல்லித் தர மாட்டேனா மகள்?" என்றார். ஒரு முழு எழுத்துமுறை ஒரு பெட்டகத்துக்குள் காத்திருக்கிறது, யாராவது கேட்கட்டும் என்று. இன்னொரு வீட்டில் சஹன் இருக்கும். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட வழக்கத்தை அது சொல்லும். கடைக்காரர் வீட்டில் தராசும் பழைய பற்றுவரவுப் புத்தகமும் இருக்கும். எந்த ஊரிலிருந்து என்ன சாமான் வந்தது, யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெயர்களில் பாதி சிங்களப் பெயர்களாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வேறொரு வீட்டில் மூத்த வாப்பாவின் துருக்கித் தொப்பி இருக்கும். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்தபோது, நாடு முழுவதும் முஸ்லிம்கள் கூடிக் குரல் கொடுத்தார்கள். உடையைப் பற்றிய வாதம் எங்கள் காலத்தில் மட்டும் வந்ததல்ல என்பதை அந்தத் தொப்பி சொல்லும்.

இதை எல்லாம் செய்ய எங்களுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை, 1882இல் "முஸ்லிம் நேசன்" என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய "அசன்பேயுடைய கதை" இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பேசப்படுகிறது. முஸ்லிம் பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கிய அந்தக் காலத்தில், இதே கண்டியில் அவர்களுக்கும் பாடசாலை வேண்டும் என்று வாதாடி, தொடங்கியும் காட்டினார். முஸ்லிம் பெண்கள் கல்லூரி ஒன்றின் தமிழ்ச் சஞ்சிகையில் நான் இதை எழுதுகிறேன், நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் அதற்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது. அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. அவர் நடந்த தெருக்கள் இருக்கின்றன. அவருடைய வாழ்க்கையை ஒரு மணித்தியாலத்தில் சொல்லும் ஒரு சின்ன அறையை மட்டும் இந்த வாவிக்கரையில் நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் தட்டில் முதல் பக்கம் அவருக்காக இருக்கட்டும்.

அன்பின் பெற்றோரே, அடுத்த விடுமுறையில் கடைத்தெருவுக்குப் போகும் நாட்களில் ஒன்றை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். முதலில் ஹந்தானை, அடுத்த முறை கம்பளை. சகோதரிகளே, போகும்போது ஒரு கொப்பியும் இரண்டு கேள்விகளும் எடுத்துக்கொள்ளுங்கள்: இதைச் செய்த கை யாருடையது? இங்கே இல்லாதவர் யார்? திரும்பி வந்து வீட்டில் மூத்தவர்களிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பெட்டகம் எப்போதும் இருக்கும். அதைத் திறந்து வாசித்துக் காட்டுபவர் எப்போதும் இருக்கமாட்டார்.